அளவு ஜாக்கெட் கொடுத்தால்தான் சரியாகத் தைக்கும்: ஏஐ ஆப் பில்டருக்கு பிராம்ப்ட் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவுக்காக ஆர்டர், அளவு, பாக்கி மூன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆப் கட்டினேன். எனக்கு கோடிங் தெரியாது, கணக்கு எழுதுவதுதான் என் வேலை. மாலை நேரங்களில் உட்கார்ந்து, ஏஐயிடம் எழுத்திலேயே சொல்லிச் சொல்லிக் கட்டியது. அப்படி எழுதிச் சொல்வதைத்தான் பிராம்ப்ட் என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நண்பர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணமெல்லாம் அந்தத் தையல் கடையில் இருந்தே வரும், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான்.

ஆப் பில்டர் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

லவபிள், போல்ட், வி ஜீரோ, ரெப்லிட் ஏஜென்ட் மாதிரியானவை. வேண்டியதை எழுதினால் இணையப் பக்கத்தையோ ஆப்பையோ கட்டி, உடனே திரையில் ஓட்டிக் காட்டும். லவபிள் ஸ்வீடனில் இருந்து வருவது, போல்ட் ஸ்டாக்பிளிட்ஸ் நிறுவனத்துடையது, வி ஜீரோ வெர்செலுடையது. இப்படிப் பேச்சிலேயே கோட் எழுத வைப்பதற்கு 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார், அதே வருடம் காலின்ஸ் அகராதி அதை ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது. எந்தக் கருவியில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றுக்குள் நான் போகவில்லை. சொல்லும் விதம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

நல்ல பிராம்ப்ட் எழுத ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

இல்லை. தையல்காரரிடம் துணியைக் கொடுத்து "நல்லா தைச்சுக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் என்ன ஆகும்? அவரும் தைப்பார், ஜாக்கெட்டும் வரும், ஆனால் அது யாரோ ஒரு சராசரிப் பெண்ணின் அளவில் இருக்கும். அதனால்தான் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம், "பின்கழுத்து மட்டும் இதைவிட ஒரு இஞ்ச் ஏற்றி வையுங்க" என்று கூடவே சொல்கிறோம். ஏஐயும் அப்படித்தான், நாம் சொல்லாமல் விட்ட இடத்தையெல்லாம் சராசரியைக் கொண்டு நிரப்பும். தையல் கடைக்கு ஓர் ஆப் வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன். டாஷ்போர்டு (மொத்தக் கணக்கையும் ஒரே பார்வையில் காட்டும் பக்கம்) வந்தது, வண்ண வண்ணமாக நான்கு பெட்டிகள், ஒரு வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல், அழகாகவும் இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, "இதுல கைச்சுற்று எங்க எழுதுறது?" என்றார். அதற்கு இடமே இல்லை.

எனவே பிராம்ப்ட் எழுதுவதில் பெரும்பகுதி எழுதுவதே அல்ல, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான். நான் இரண்டு சாயங்காலம் அக்காவின் அளவு நோட்டைப் புரட்டினேன். பிராம்ப்ட் பாதி அந்த நோட்டிலேயே இருந்தது.

அந்த நோட்டில் அப்படி என்ன கிடைத்தது?

ஏஐ தானாக யோசிக்கவே முடியாத விஷயங்கள். முதலாவது, அம்மாவும் இரண்டு மகள்களும் ஒரே போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஏஐ கட்டும் ஆப்பில் பெரும்பாலும் ஒரு நம்பருக்கு ஓர் ஆள் என்று வைத்துவிடும், இரண்டாவது மகளைச் சேர்க்கப் போனால் 'இந்த எண் ஏற்கெனவே உள்ளது' என்று திருப்பி அனுப்பும். இரண்டாவது, அளவு மாறும். குழந்தை பிறந்த பிறகு ஒரு அளவு, ஒரு வருடம் கழித்து இன்னொன்று. புது அளவை எழுதும்போது பழையது அழியக் கூடாது, பழைய ஆர்டர் தைத்தபோது இருந்த அளவோடே நிற்க வேண்டும், "போன தீபாவளிக்குத் தைச்சது சரியா இருந்துச்சே, அதே மாதிரி" என்று வருபவர்கள் நிறையப் பேர். மூன்றாவது, அளவெல்லாம் கால் இஞ்ச் கணக்கு. 14 இருக்கும், 14.25 இருக்கும், 14.5 இருக்கும். வலைப்பக்கத்தில் எண் எழுதும் பெட்டி, வேறு ஏதும் சொல்லாவிட்டால், முழு எண் மட்டுமே செல்லும் என்று எடுத்துக்கொள்ளும், 14.5 போட்டால் எச்சரிக்கை வரும்.

நான்காவது, ஓர் ஆர்டரில் மூன்று ஜாக்கெட்டும் ஒரு சுடிதாரும் இருக்கும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் தயாராகாது. ஒன்றுக்கு ஆரி வேலை வெளியே போயிருக்கும், ஒன்று வெட்டியதோடு நிற்கும், ஒன்றுக்கு ஊக்கு மட்டும் பாக்கி. ஆகவே 'தயார்' என்ற நிலை ஆர்டருக்கு அல்ல, ஒவ்வொரு துணிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் பிராம்ப்ட்டில் எழுதியதும் வந்த ஆப்புக்கும் முதலில் வந்ததுக்கும் சம்பந்தமே இல்லை. பிராம்ப்ட்டில் போடும் சொற்களைத் தேடி அலைவதைவிட, உங்கள் தொழிலில் வெளியாள் யாருக்கும் தெரியாத அந்த நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

சரி, முதல் பிராம்ப்ட் எப்படி இருக்க வேண்டும்? ஒரு மாதிரி காட்ட முடியுமா?

நான் எழுதியதைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

"பெண்கள் தையல் கடைக்கு ஆர்டர் ஆப் வேண்டும். பயன்படுத்துவது ஒரே ஆள், கடைக்காரர். ஆண்ட்ராய்டு போனில்தான் பார்ப்பார், பெரும்பாலும் ஒரு கையால். அவர் ஒரு நாளில் செய்வது மூன்று வேலை: புது ஆர்டர் எழுதுவது, இன்று கொடுக்க வேண்டியது எது என்று பார்ப்பது, பாக்கி வாங்குவது. திறந்ததும் இன்றும் நாளையும் கொடுக்க வேண்டிய துணிகள் தெரிய வேண்டும். ஒரே போன் எண்ணில் பல பேர் இருக்கலாம். ஒருவருக்குப் பல அளவுகள் தேதியோடு இருக்கும், எதுவும் அழியக் கூடாது. ஆர்டர் எழுதும்போது அன்றைய அளவை ஆர்டரோடு நகல் எடுத்து வை. ஜாக்கெட் அளவுகள்: உயரம், தோள், மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, கை நீளம், கைச்சுற்று, முன்கழுத்து, பின்கழுத்து. எல்லாம் இஞ்ச், கால் இஞ்ச் வரை. ஒவ்வொரு துணிக்கும் நிலை: வாங்கியது, வெட்டியது, தைத்தது, தயார், கொடுத்தது. பணம்: மொத்தம், அட்வான்ஸ், பாக்கி. பாக்கியை ஆப்பே கணக்கிட வேண்டும், கையால் எழுத விடாதே. லாகின், வரைபடம், அறிக்கை இப்போது வேண்டாம். முதலில் புது ஆர்டர் பக்கத்தை மட்டும் கட்டு. கட்டுவதற்கு முன் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேள்."

யார், எந்தக் கருவியில், எதற்காக என்பது முதலில் வருகிறது. அதற்குப் பிறகு விதிகள், அதன்பின் என்ன வேண்டாம் என்பது. 'வேண்டாம்' என்று எழுதுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அது இல்லாவிட்டால் கேட்காத பத்துப் பொருளைச் சேர்த்துத் தரும், பிறகு அவற்றை எடுக்கச் சொல்லியே நம் கிரெடிட் (கருவியைப் பயன்படுத்த நமக்குக் கிடைக்கும் அளவு) கரையும். கடைசி வரியும் முக்கியம். "சந்தேகம் இருந்தால் கேள்" என்றதும் அது என்னிடம், அட்வான்ஸ் பல தவணையாக வருமா என்று கேட்டது. நான் யோசித்தே பார்க்காத விஷயம். அக்காவிடம் கேட்டேன், வருமாம்.

லாகின் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆபத்தில்லையா?

உண்மையான வாடிக்கையாளர் தகவல் எதையும் போடாமல் வெள்ளோட்டம் பார்க்கும் நாட்களுக்கு மட்டும்தான் அப்படி. நிஜப் பெயர், நிஜ நம்பர், நிஜ அளவு உள்ளே போவதற்கு முன் லாகின் வந்தே ஆக வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

மொத்த ஆப்பையும் ஒரே பிராம்ப்ட்டில் கட்டச் சொல்லக் கூடாதா?

முழுப் படத்தையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, கட்டுவது மட்டும் ஒவ்வொன்றாக. இரண்டும் வேறு வேறு. பின்னால் என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கட்டினால் தரவு அமைப்பு தப்பாகிவிடும், அளவை வாடிக்கையாளர் பட்டியலிலேயே ஒரு வரியாக வைத்துவிட்டு, பிறகு 'ஒருவருக்குப் பல அளவு' என்று நீங்கள் சொன்னதும் எல்லாவற்றையும் பிய்த்துப் போட வேண்டியிருக்கும். மறுபக்கம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டச் சொன்னால் எட்டுப் பக்கம் வரும், எட்டும் அரைகுறையாக இருக்கும், எது உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும்.

நான் போன வரிசை: ஆர்டர் எழுதும் பக்கம், அது சரியானதும் இன்றைய பட்டியல், பிறகு அளவுகள், அப்புறம் பாக்கி. ஒவ்வொன்றையும் போனில் திறந்து, நானே ஐந்தாறு பொய்யான ஆர்டர் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

தமிழில் எழுதினால் புரிந்துகொள்ளுமா, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டுமா?

புரிந்துகொள்ளும். தமிழும் ஆங்கிலமும் கலந்து, பேசுவது போலவே எழுதினாலும் புரிந்துகொள்ளும். உங்களுக்கு எந்த மொழியில் நுணுக்கமாக யோசிக்க வருமோ அதில் எழுதுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. தெரிந்த அளவு ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, பாதி விவரத்தை முழுங்கிவிடுவதைவிட நல்ல தமிழில் விரிவாக எழுதிய பிராம்ப்ட் பல மடங்கு மேல். ஒரே ஒரு கணக்கு உண்டு. ஏஐ மாடல்கள் எழுத்தை டோக்கன் என்ற சிறு துண்டுகளாக வெட்டித்தான் படிக்கும், அதே விஷயத்தைத் தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகள் ஆகும். டோக்கன் கணக்கில் பணம் வாங்கும் கருவியில் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் பெருஞ்செலவு ஏஐ எழுதும் கோடிலும், திரும்பத் திரும்பத் திருத்துவதிலும்தான் போகிறது, நாம் எழுதும் பத்து வரியில் அல்ல.

இன்னொன்று. திரையில் வரும் தமிழ்ச் சொற்களை ஏஐயிடம் விடாதீர்கள், நீங்களே எழுதிக் கொடுங்கள். விட்டால் 'நிலுவைத் தொகை', 'விநியோகத் தேதி' என்றெல்லாம் போடும். கடையில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'பாக்கி', 'கொடுக்கும் தேதி' என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன், அக்காவுக்கு விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை.

தமிழ் எழுத்து திரையில் உடைந்தும் வெட்டியும் தெரிகிறது. பிராம்ப்ட்டில் என்ன சொல்ல வேண்டும்?

இது நான் நிறைய அடிபட்ட இடம், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக இருக்கின்றன. சொல்லாவிட்டால் ஆங்கில எழுத்துரு ஒன்றைப் போட்டுவிடும், தமிழுக்கு அந்தந்தப் போனில் எது கிடைக்கிறதோ அது வரும், ஒரு போனில் இருப்பது மாதிரி இன்னொன்றில் இருக்காது.

வரி உயரத்தைக் கூட்டச் சொல்லுங்கள். நம் எழுத்தில் மேலே சுழியும் புள்ளியும், கீழே வளைவும் உண்டு, ஆங்கிலத் தலைப்புக்குப் போடும் நெருக்கமான வரி உயரத்தில் 'கூ'வும் 'ஸ்ரீ'யும் வெட்டுப்படும். எழுத்து உயரத்தைப் போல 1.6 மடங்கு என்று நான் எழுதுகிறேன். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டும் வழக்கத்தையும் தமிழில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், தலைப்பு அழகாக இருக்க வேண்டும் என்று அதைச் சேர்த்துவிடும், சொல்லெல்லாம் சிதறிப்போகும்.

பட்டன்களின் அகலம் அடுத்தது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிவது தமிழில் 'சேமிக்கவும்' என்று நீளும். "பட்டனில் உள்ள தமிழ்ச் சொல் வெட்டப்படக் கூடாது, நீளமானால் இரண்டாவது வரிக்குப் போகட்டும்" என்று ஒரு வரி போதும். 'சேமி' என்று எழுதினால் அதுவும் தேவையில்லை.

பிடிஎஃப் பில்தான் பெரிய தலைவலி. பில் பிடிஎஃப் ஆக வேண்டும் என்றால் ஏஐ பெரும்பாலும் ஜேஎஸ்பிடிஎஃப் என்ற, ஏற்கெனவே எழுதி வைத்த கோட் தொகுப்பை எடுக்கும். அது இந்திய மொழி எழுத்துகளைச் சேர்த்து அமைக்காது, 'கொ' என்பதில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணாக்கினேன். சரியான பிராம்ப்ட் இதுதான்: "பில்லை அச்சுக்கு ஏற்ற ஒரு வலைப்பக்கமாகக் கட்டு, பிரவுசரின் பிரிண்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கு." பிரவுசருக்குத் தமிழ் எழுத்தை அமைக்கத் தெரியும், பிரச்சினை அதோடு முடிந்தது.

தேதி ஒரு நாள் முன்னால் காட்டுகிறதே?

இந்தியாவில் இது பலருக்கும் வரும். ஆப் பெரும்பாலும் தேதியை நேரத்தோடு சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமிக்கும், நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். 14ஆம் தேதி நள்ளிரவு 12 மணி என்பது அங்கே 13ஆம் தேதி மாலை 6.30. "கொடுக்கும் தேதியை நேரம் இல்லாமல் வெறும் தேதியாகச் சேமி, நாள்-மாதம்-வருடம் என்று காட்டு" என்று எழுதுங்கள். முகூர்த்த நாளில் ஒரு நாள் பிசகினால் ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் அது. பணத்துக்கும் 1,00,000 என்று நம் முறையில் காற்புள்ளி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் ஏஐ கட்டும் பக்கமெல்லாம் ஒரே மாதிரி ஊதா நிறத்தில் இருக்கிறது?

இந்தக் கருவிகள் நிறைய டெயில்விண்ட் என்ற வடிவமைப்புக் கருவியைப் பயன்படுத்துகின்றன. அதன் மாதிரிப் பட்டன்களுக்கெல்லாம் ஊதா கலந்த நீலத்தை வைத்ததற்காக, அதை உருவாக்கிய ஆடம் வாத்தன் 2025ல் மன்னிப்பே கேட்டார், ஏஐ கட்டும் பக்கமெல்லாம் அந்த நிறமாகிவிட்டது என்று. நவீனமாக, அழகாக, கண்ணைக் கவரும்படி என்றெல்லாம் எழுதினால் கிடைப்பது அந்தச் சராசரிதான்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பொருளைக் காட்டுங்கள். அக்கா கடையின் பலகை மஞ்சளும் அரக்கும். அந்தப் பலகையைப் படம் பிடித்துக் கொடுத்து, "இந்த இரண்டு நிறம் மட்டும், பின்னணி வெள்ளை, நிழல் வேண்டாம், உருண்ட மூலை வேண்டாம், எழுத்து பெரிதாக" என்று எழுதினேன். படம் கொடுக்க முடிகிற கருவியில் படம் கொடுங்கள், அளவு நோட்டின் ஒரு பக்கத்தையும் அப்படித்தான் கொடுத்தேன் (பெயரையும் நம்பரையும் கையால் மறைத்துவிட்டு). கூடவே எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுங்கள், நிறத்தையா, அடுக்கையா, சொற்களையா என்று. சொல்லாவிட்டால் நோட்டில் இருந்த காபிக் கறையைக்கூட வடிவமைப்பு என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கடைக்கு ஒரு பக்க இணையத்தளம் மட்டும் போதும். அதற்கு?

அதற்கு பிராம்ப்ட் சின்னது, உள்ளடக்கம் பெரியது. என்ன தைப்பீர்கள், என்ன விலையில் தொடங்கும், எத்தனை நாள் ஆகும், கடை எங்கே, எந்த நேரம் திறந்திருக்கும், வாட்ஸ்அப் எண் எது, இவற்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். "நான் கொடுத்ததைத் தவிர எந்தத் தகவலையும் சேர்க்காதே" என்ற வரி கட்டாயம். இல்லாவிட்டால் '500க்கும் மேற்பட்ட மகிழ்ச்சியான வாடிக்கையாளர்கள்' என்றும், ஊர் பேர் தெரியாத மூன்று பேரின் பாராட்டு என்றும், ஐந்து நட்சத்திரம் என்றும் தானே போட்டுவிடும். அது பொய். தெருவில் எல்லோருக்கும் முகம் தெரிந்த கடைக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.

"நீ ஓர் அனுபவம் மிக்க டெவலப்பர்" என்று தொடங்க வேண்டுமா?

தேவையில்லை. அந்த வரிக்குப் பதில் உங்கள் கடையைப் பற்றி இன்னொரு வரி எழுதுங்கள்.

ஒன்றைத் திருத்தச் சொன்னால் இன்னொன்றை உடைக்கிறது. என்ன செய்ய?

எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். "பாக்கிப் பக்கத்தில் தொகையின் எழுத்தைப் பெரிதாக்கு. வேறு எந்தப் பக்கத்தையும், கணக்கிடும் முறையையும், தரவு அமைப்பையும் தொடாதே." நீளமாகத் தெரியும், ஆனால் இந்த இரண்டாவது வாக்கியம் என் பல இரவுகளைக் காப்பாற்றியது. இடத்தையும் குறிப்பாகச் சொல்லுங்கள். "அந்தப் பட்டன்" என்றால் எந்தப் பட்டன்? 'புது ஆர்டர் பக்கத்தின் அடியில் உள்ள சேமி பட்டன்' என்று எழுதுங்கள்.

ஒவ்வொரு சிறு வெற்றிக்குப் பிறகும் அந்த நிலை சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி உண்டு. ஆனால் அதில் ஒன்று கவனம்: திரும்புவது கோட் மட்டுமாக இருக்கலாம், தரவுத்தளத்தில் நடந்த மாற்றம் அப்படியே நிற்கலாம்.

எரர் வந்தால் எப்படி எழுதுவது?

"வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். வயிறு வலி என்று மட்டும் சொன்னால் டாக்டர் எதைப் பார்ப்பார்? என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுதுங்கள், சிவப்பில் வந்த எரர் செய்தியை ஓர் எழுத்தும் விடாமல் ஒட்டுங்கள். "கைச்சுற்று 11.5 என்று எழுதி சேமி தட்டினேன். சேமிக்க வேண்டும். 'சரியான மதிப்பைத் தரவும்' என்று வந்து நிற்கிறது. 11 என்று போட்டால் சேமிக்கிறது." இதைப் படித்தவுடனே காரணம் தெரிந்துவிடும், ஏஐக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்.

அதே எரர் மூன்றாவது முறையும் வந்தால் 'சரி செய்' என்ற பட்டனைத் தட்டுவதை நிறுத்துங்கள். அது போட்ட ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டுப் போட்டுக்கொண்டே போகும், கிரெடிட்டும் போகும். நான் செய்வது இது: கடைசியாக நன்றாக இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டு, "கோட் எதையும் மாற்றாதே. இந்தப் பிரச்சினைக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று எளிய சொற்களில் சொல்" என்று எழுதுவேன். காரணத்தைப் படித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் திருத்தச் சொல்வேன்.

கிரெடிட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

கட்டாமல் பேச மட்டும் செய்யும் முறை பல கருவிகளில் இருக்கிறது, திட்டமிடுவதை அதில் செய்யுங்கள், அல்லது தனியாக ஒரு சாட் ஏஐயிடம் பேசித் தெளிந்துவிட்டு முடிந்த பிராம்ப்ட்டை மட்டும் இங்கே கொண்டுவந்து ஒட்டுங்கள். நிறம், எழுத்தளவு, சொல் மாற்றம் போன்ற சில்லறைத் திருத்தங்களை ஐந்தாறாகச் சேர்த்து ஒரே பிராம்ப்ட்டில் கொடுக்கலாம். கணக்கு, தரவு சம்பந்தமானதை மட்டும் அப்படிச் சேர்க்காதீர்கள், ஒவ்வொன்றாகத்தான்.

பாதுகாப்புக்கு பிராம்ப்ட்டில் என்ன எழுத வேண்டும்?

அந்த அளவு நோட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நூற்றுக்கணக்கான பெண்களின் பெயர், போன் நம்பர், உடல் அளவு. அக்கா அந்த நோட்டை இரவில் பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஆண்கள் யாராவது கடைக்குள் வந்தால் நோட்டை மூடிவிடுவார். அதே நோட்டை நாம் இணையத்தில் ஏற்றும்போது அவர் காட்டும் அக்கறையில் ஒரு துளியும் குறையக் கூடாது. நான் இதை மிகவும் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

2025ல் லவபிளில் கட்டப்பட்ட 1,645 ஆப்களை ஆராய்ச்சியாளர்கள் சோதித்தபோது, 170 ஆப்களில் தரவுத்தளத்தை வெளியாள் படிக்க முடிந்தது. காரணம் பெரிய ஹேக்கிங் வித்தை எதுவும் அல்ல. சூப்பாபேஸ் போன்ற தரவுத்தளத்தில் யார் எந்த வரியைப் படிக்கலாம் என்று விதி எழுத வேண்டும், ரோ லெவல் செக்யூரிட்டி என்பார்கள், அது இல்லாமலோ தப்பாகவோ இருந்தது. திரையில் லாகின் பக்கம் இருக்கும், ஆனால் பின்பக்கக் கதவு திறந்து கிடக்கும்.

ஆகவே நான் எழுதியது: "எல்லா அட்டவணைகளிலும் ரோ லெவல் செக்யூரிட்டி இருக்க வேண்டும். லாகின் செய்த கடைக்காரர் தன் கடைத் தரவை மட்டும் படிக்கவும் எழுதவும் முடிய வேண்டும். லாகின் இல்லாதவருக்கு எதுவும் தெரியக் கூடாது. ரகசியச் சாவி எதையும் பிரவுசருக்கு வரும் கோடில் வைக்காதே. முடித்ததும் ஒவ்வொரு அட்டவணைக்கும் என்ன விதி போட்டாய் என்று பட்டியல் கொடு." பிறகு இன்னொரு நண்பரின் மெயிலில் இரண்டாவது கணக்குத் திறந்து உள்ளே போய், முதல் கணக்கின் ஆர்டர் ஏதாவது தெரிகிறதா என்று நானே பார்த்தேன். அதோடு விடாமல், கோட் தெரிந்த ஒருவரிடம் இந்த விதிகளை மட்டும் காட்டி ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னேன். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்தால்கூடத் தகும்.

ஏஐ தரவை அழித்துவிடுமா?

நடந்திருக்கிறது. 2025 ஜூலையில் ரெப்லிட்டின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், ஒரு நிறுவனத்தின் உண்மையான தரவுத்தளத்தையே அழித்தது, ரெப்லிட்டின் தலைவர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். 'தொடாதே' என்ற பிராம்ப்ட் ஒரு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல என்பது இதில் இருந்து தெரிகிறது. சோதனைக்கு ஒரு தரவுத்தளம், உண்மைக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள், "எல்லா ஆர்டரையும் எக்செல்லில் திறக்கக் கூடிய கோப்பாக இறக்கும் பட்டன் வேண்டும்" என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தட்டி இறக்கிக்கொள்கிறார்.

யுபிஐ பணம் வாங்க பிராம்ப்ட் எழுதலாமா?

பாக்கித் தொகையோடு க்யூஆர் காட்டச் சொல்லலாம், எளிதாக வந்துவிடும். ஆனால் பணம் வந்ததா என்று அந்த க்யூஆர் ஆப்புக்குத் திரும்பச் சொல்லாது. 'பணம் செலுத்தியாயிற்று' என்று ஆப் தானாகக் குறிக்க வேண்டுமானால் பேமென்ட் கேட்வே (பணம் வந்ததை ஆப்புக்குச் சொல்லும் இடைச் சேவை) வேண்டும், அதற்குக் கட்டணமும் கடை ஆவணங்களும் உண்டு. சின்னக் கடைக்கு நான் எழுதியது: "க்யூஆர் காட்டு. பணம் வந்ததைக் கடைக்காரர் தன் போனில் பார்த்து, 'வந்தாச்சு' என்ற பட்டனைத் தட்டினால் மட்டும் பாக்கியைக் கழி."

ஆப் முடிந்த மாதிரி இருக்கிறது. அடுத்து என்ன எழுதுவது?

ஒன்றும் எழுத வேண்டாம், ஒரு வாரம் பயன்படுத்துபவர் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டும் கூடவே இருக்கட்டும், இரண்டிலும் எழுதட்டும். அக்கா பெயரைத் தட்டித் தேடியதே இல்லை என்று அப்போதுதான் பார்த்தேன். பெயரை ஒருமுறை தமிழில் எழுதியிருப்பார், இன்னொருமுறை ஆங்கிலத்தில், எதில் தேடுவது? "நம்பர் கடைசி நாலு சொல்லும்மா" என்று வந்தவரிடம் கேட்டுவிட்டு நோட்டைப் புரட்டுவார். தேடும் பெட்டியில் கடைசி நான்கு எண்ணைப் போட்டால் அந்த நம்பரில் உள்ள எல்லோரும் வர வேண்டும் என்று மறுநாள் எழுதினேன். விரலில் சாக்பீஸ் மாவு இருக்கும், சின்னப் பட்டன் தட்டுப்படாது, ஆகவே நிலை மாற்றும் பட்டன்களைத் திரையின் முழு அகலத்துக்கு ஆக்கச் சொன்னேன். தைத்துக்கொண்டே பார்ப்பதால் திரை அணையக் கூடாது என்பது மூன்றாவது. இந்த மூன்று பிராம்ப்ட்டும் ஒவ்வொன்றும் இரண்டு வரிதான். அடுத்த திங்கட்கிழமை நான் போனபோது நோட்டு மேசை மேல் இல்லை, பீரோவுக்குள் இருந்தது.